ஓராலே! ஒராளே?

இன்று என் அம்மா ராப் பாடினார்!!!

(தெளிவாகத்தான் இருக்கிறேன். கோப்பி மட்டும்தான் குடித்தேன்.)

எங்கள் ஊர் புருசெத் இளையோர் மன்ற ஹோலில், மைக் இல்லாமலே!

கதை வியாழக்கிழமை தொடங்கியது.

நானும் என் வகுப்புத் தோழன் மிகேலும் சிக்கானோ ராப் பாடுகிறோம். அமெரிக்காவில் வளர்ந்த மெக்சிக்கோப் பிள்ளைகளின் தெருப் பாட்டு. பாதி ஸ்பானிஷ், பாதி இங்கிலிஷ். இங்கே நோர்வேயில் நாங்கள் தமிழும் நோர்ஸ்க்கும் கலந்து கதைக்கிற மாதிரியேதான்! மிகேலின் அம்மா மெக்சிக்கோக்காரி. லாஸ் ஏஞ்சலஸ் மாமா அனுப்புகிற சீடிகளைத் தேயத் தேயக் கேட்போம்.

சனிக்கிழமை எங்கள் முதல் மேடை. அம்மா மாட்டேன் என்றுவிட்டார்.

"உந்தப் பாட்டு முழுக்கத் துவக்குச் சூடும் சண்டையும். பொம்பிளைப் பிள்ளை மேடையிலை ஏறி உதைக் கத்துறதோ?"

"அம்மா, அவங்கள் தங்கடை தெருவைப் பற்றிப் பாடுறாங்கள். தாயைப் பற்றியும் பாடுறவங்கள்!"

"தாயிலை அவ்வளவு பாசமெண்டால், ஏன் சேட்டுக்கு மேல் பொத்தானை மட்டும் பூட்டுறாங்கள்? மிச்சத்தையும் பூட்டலாமே?"

(இதற்குப் பதில் உங்களிடம் இருக்கிறதா?)

அறைக்குள் போய் அழுதேன். ஒரு வருஷமாக எழுதிய வரிகள்!

அந்த நேரம் பார்த்துக் கதவு மணி. அம்மா திறந்தார். மிகேல்! இருவருக்கும் முதல் சந்திப்பு. பயத்தில் அவன் வாயில் வந்தது ஒரே சொல்.

"ஓராலே!"

சிக்கானோத் தெருவில் அதற்கு 'சரி', 'வா', 'கலக்கு' எல்லாமே அர்த்தம்.

அம்மாவின் காதில் விழுந்ததோ சுத்த யாழ்ப்பாணத் தமிழ்: "ஒராளே?" (தமிழ்நாட்டு நண்பர்களுக்கு: 'ஒரே ஆள்தானா?')

"இல்லைத் தம்பி, மகளும் உள்ளை நிக்கிறாள். வாங்கோ, வாங்கோ!"

கறுத்த முடி, மாநிறம், வாயில் தமிழ். அம்மாவுக்கு வேறென்ன வேண்டும்!

நான் முகம் கழுவி வருவதற்குள் ஆள் சாப்பாட்டு மேசையில்!

"தம்பி, வீட்டிலை எத்தினை பேர்?"

ஒன்றும் விளங்காமல் தலையாட்டினான். "ஓராலே!"

"ஐயோ, தாய் தகப்பன் இல்லாமல் ஒராளாயோ இருக்கிறியள்?"

தட்டில் இன்னும் இடியப்பம் விழுந்தது. சம்பல் நாக்கில் பட்டதும் "ஓராலே!!" என்று துள்ளினான். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

(அவன் வீட்டில் ஆறு பேர். ஒரு நாயும் உண்டு.)

"தனிய இருக்கிற பிள்ளை, காற்சட்டையை என்ன வடிவா மினுக்கிப் போட்டிருக்கு பார்!"

(மினுக்குவது என்றால் அயன் பண்ணுவது.) மடிப்புக் கூராக நிற்பதுதான் சிக்கானோத் தெருவின் கெத்து.

உண்மையைச் சொல்ல வாய் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன்!

"அம்மா, இவனோடைதான் நான் பாட இருந்தது..." என்பதற்குள் அம்மா முந்திவிட்டார். "சனிக்கிழமை இந்தப் பிள்ளை ஒராளாய் மேடையிலை நிக்கிறதே? நீயும் போய் நில்."

வாயை மூடிக்கொண்டேன்.

இன்று முன் வரிசையில் அம்மா, பட்டுச் சேலைக்கு மேல் குளிர் ஜக்கெட்டோடு. மேடையில் என் பக்கத்தில் மிகேல் மைக்கைப் பிடித்தான்.

"ஓராலே!"

அம்மா எழும்பிவிட்டார்.

"ஒராள் இல்லையடா தம்பி! ரெண்டு பேர்!"

பின் வரிசைப் பெடியள் விடுவார்களா? "ஓராலே!" "ரெண்டு பேர்!" பீட்டோடு அப்படிப் பொருந்தியது! அம்மா கடைசிவரை கை தட்டிக் கத்தினார். எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது!

பாட்டு முடிந்ததும் ஒரு பெண் ஓடிவந்து மிகேலைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினார்.

"ஆரடி அந்த மனுசி?"

இனி ஒளிக்க முடியாது. "அவன்ரை அம்மா."

அம்மா அந்தப் பெண்ணைப் பார்த்தார். மிகேலின் காற்சட்டையைப் பார்த்தார். பிறகு என்னை.

"அப்ப மினுக்கிறது இவவோ?!"