திரை இல்லாத பிளேயர்

அக்காவுக்கு வந்தது கணையத்தில் புற்றுநோய். அவளிடம் சொன்னது அல்சர். ஒன்பதாவது படிக்கிற அவள் ஒரே மகளிடமும் அதே அல்சர் கதைதான். மச்சான், நான், மச்சானின் தங்கச்சி, மதுரை ஆஸ்பத்திரி நர்ஸ் வரைக்கும் எல்லோரும் வாய் கூசாமல் அல்சர் அல்சர் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி. தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க வருகிறவர்களுக்கெல்லாம் தெரியலாம், படுத்திருக்கிறவருக்கு மட்டும் தெரியக் கூடாது. அது தெரிந்தால் அன்றைக்கே அவள் பாதி செத்துவிடுவாள் என்று மச்சான் நம்பினார். நானும்தான் நம்பினேன்.

ஒரு நாள் அக்கா மாத்திரை அட்டையை வெளிச்சத்தில் பிடித்து, அதன் பெயரைப் போனில் தட்ட ஆரம்பித்திருக்கிறாள். மச்சான் பார்த்துவிட்டார். அன்று சாயங்காலமே போன் கீழே விழுந்து கண்ணாடி உடைந்தது. உடைத்தவர் அவர்தான். கம்பத்தில் ரிப்பேருக்குக் கொடுத்திருப்பதாகச் சொல்லிவிட்டு எனக்கு போன் செய்தார்.

"பாட்டு கேக்காம அவளால இருக்க முடியாது மாப்ள. பாட்டு மட்டும் பாடுற மாதிரி ஏதாச்சும் வாங்கிட்டு வா. வேற ஒண்ணும் இருக்கக் கூடாது அதுல."

நான் சின்னமனூரில் ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்கிறவன். அதனால் வேலை என் தலையில் விழுந்தது.

இங்கே என் கிறுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். என் லேப்டாப்பில் ஓடுவது இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ். விண்டோஸுக்குக் காசு கொடுக்க மனசில்லாமல் போட்டது, பிறகு வறட்டுப் பிடிவாதமாகிவிட்டது. "உன்ன மாதிரியேதான்டா அதுவும், யாரோடயும் ஒட்டாது" என்று அக்கா கேலி செய்வாள். ஒட்டாத அந்த லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு தேனிக்குப் போனேன். பெட்டியில் எழுதியிருப்பதை நம்புகிற ஆள் நானில்லை. கடையிலேயே ஒவ்வொரு பிளேயராகச் செருகிப் பார்த்தேன்.

முதலாவது, அந்தக் கம்பெனியின் மென்பொருள் இருந்தால்தான் பாட்டை உள்ளே விடும். அந்த மென்பொருள் விண்டோஸில் மட்டுமே ஓடும். இரண்டாவது திறந்தது, பாதிப் பாட்டு ஏறியதும் மூச்சை விட்டது. மூன்றாவது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வைஃபை இருந்தது, இணையம் இருந்தது, விலையும் ஒரு போனின் விலை. அதை வாங்குவதற்கு அந்தப் போனையே உடைக்காமல் விட்டிருக்கலாம்.

"பொண்ணு பாக்க வந்த மாதிரில்ல பாக்குறீக" என்று சலித்துக்கொண்டார் கடைக்காரர். கடைசியில் அடித்தட்டிலிருந்து ஒன்றைத் தூசி தட்டி எடுத்தார். தீப்பெட்டி அளவு, கறுப்பு பிளாஸ்டிக், விலை மலிவு. செருகியதும் பென் டிரைவ் மாதிரி அமைதியாகத் திறந்தது. பாட்டை இழுத்துப் போட்டால் போதும். ஓரத்தில் மைக் படம் போட்ட ஒரு பட்டன்.

"பேசுனா பதிவாகும் சார். அது சும்மா கூட வர்றது."

திரை கிடையாது. படிப்பதற்கு அதில் ஓர் எழுத்துகூட இல்லை. எனக்கு அப்படி ஒரு நிம்மதி. அதையே வாங்கினேன்.

வாரம் தவறாமல் அக்கா ஊரான காமயகவுண்டன்பட்டிக்கு டவுன் பஸ்ஸில் போவேன். அக்கா கயிற்றில் கோத்த பிளேயரைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கட்டிலில் கிடப்பாள். அலுத்த பாட்டை அழித்துவிட்டுப் புதுப் பாட்டு ஏற்றித் தருவது என் வேலை. ஒருமுறை சொன்னாள்: "வேணாம்னு சொன்ன பாட்டெல்லாம் திரும்பத் திரும்ப வருதேடா."

"அழிச்சாச்சுக்கா. மாத்திர மயக்கத்துல ஒனக்கு அப்பிடித் தோணுது" என்றேன். வகுப்பில் பிள்ளைகளை அடக்குகிற அதே குரலில்தான் சொன்னேன். அவள் பிளேயரைத் திரும்பக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

அடுத்த முறை மதுரைக்குப் போகும்போது மச்சானின் திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிப்பு. அவரால் வர முடியவில்லை. டாக்டர் சொல்வதை ஒரு வார்த்தை விடாமல் தனக்குச் சொல்ல வேண்டும் என்றார். அக்காவை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். போனை வெளியே வைத்துவிட்டு வரச் சொல்லிக் கதவில் பலகை. பாட்டு மாற்றுவதற்காக அக்காவிடம் வாங்கி வைத்திருந்த பிளேயர் சட்டைப் பையில் இருந்தது. மைக் பட்டனை அமுக்கினேன்.

டாக்டர் நல்ல மனிதர், சுற்றி வளைக்கவில்லை. கல்லீரலுக்கும் பரவிவிட்டது, தீபாவளியைத் தாண்டுவது கஷ்டம் என்றார். "வலிக்குமா சார்?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவர் ஆமாம் என்று மெதுவாகத் தலையை ஆட்டிவிட்டு, மாத்திரைச் சீட்டை எழுத ஆரம்பித்தார்.

மறுநாள் தோட்டத்து மோட்டார் ரூமில் உட்கார்ந்து லேப்டாப்பில் அதை மச்சானுக்குப் போட்டுக் காட்டினேன். மருந்து வாடையோடு குனிந்து கேட்டார். கேட்டு முடித்ததும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "அவளுக்குத் தெரியவே கூடாது மாப்ள" என்றார். அவர் கண் முன்னாலேயே பிளேயரிலிருந்து அதை அழித்தேன். அழிஞ்சிருச்சா, நல்லா அழிஞ்சிருச்சா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

அதற்குப் பிறகு அக்காவிடம் ஒரு தெளிச்சி வந்தது. எப்போது சரியாகும் என்று நச்சரிப்பதை விட்டுவிட்டாள். கஞ்சியை முகம் சுளிக்காமல் குடித்தாள். இரண்டு பட்டுச்சேலையை நாத்தனாருக்குக் கொடுத்தாள். மகளைக் கட்டிலோரம் நிறுத்தி, தனக்குத் தானே ரெட்டைச் சடை போடப் பழக்கினாள். "மருந்து கேக்குது மாப்ள" என்றார் மச்சான், ரொம்ப நாளுக்கப்புறம் சிரித்து. எனக்கும் சந்தோஷம்தான்.

ஒரு மத்தியானம் அவள் வீட்டில் உட்கார்ந்து பாட்டு ஏற்றினேன். இடமில்லை என்றது லேப்டாப். இருந்த பாட்டோ கொஞ்சம். மிச்ச இடம் எங்கே போயிற்று என்று யோசித்தபோதே எனக்கு விளங்கிவிட்டது.

லினக்ஸில் பென் டிரைவிலிருந்து எதையாவது அழித்தால் அது உடனே அழியாது. அந்த பென் டிரைவுக்குள்ளேயே குப்பைத் தொட்டியாக ஒரு ஃபோல்டர் உண்டாகி, அதற்குள் போய்க் கிடக்கும். அந்த ஃபோல்டரின் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி. புள்ளி வைத்ததை லேப்டாப் நம் கண்ணுக்குக் காட்டாது. இதை நான் வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு நடத்துகிறேன். பிளேயருக்கு இந்த நாசூக்கெல்லாம் கிடையாது. உள்ளே எது கிடந்தாலும் பாடும். மறைந்திருந்ததைத் திறந்து பார்த்தேன். அவள் வேண்டாமென்ற பாட்டெல்லாம் இருந்தது. கடைசியில் டாக்டரும் இருந்தார்.

நிமிர்ந்தேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்துட்டியா?" என்றாள்.

"நான் அழிச்சேன்க்கா" என்றேன்.

"நீதான, அழிச்சிருப்ப" என்று சிரித்தாள். பிறகு, "உங்க மச்சான்கிட்டச் சொல்லிராத. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுத்தான் அவுக சோறு திங்கிறாக" என்றாள்.

முகட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"ஒண்ணு கேக்கணும்டா. வலிக்குமா சார்னு நீ கேக்குற. அதுக்கப்புறம் அந்தாளு பேச்சே இல்ல. எழுதுற சத்தம் மட்டும் கேக்குது. திருப்பித் திருப்பிப் போட்டுப் பாத்துட்டேன். தலைய ஆட்டுனாரா? எப்பிடி ஆட்டுனாரு?"

பொய் ஒன்று நாக்கு நுனியில் தயாராக இருந்தது, இத்தனை மாசப் பழக்கம். ஆனால் அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

"ஆமான்னு ஆட்டுனாருக்கா."

"அப்பப் புள்ள இங்கன இருக்க வேணாம். தேனியில ஆஸ்டல்ல சேத்துரு. நான் கத்துறத அவ கேக்கக் கூடாது."

அன்று சாயங்காலம் மச்சான் குதித்தார். "அல்சருக்கு எதுக்குப் புள்ளைய ஆஸ்டல்ல விடணும்?"

"அல்சர்தான" என்றாள் அக்கா. "சரியானதும் கூட்டிக்கிருவோம்."

மச்சான் வாயைத் திறந்தார். பிள்ளை கூட இருக்கட்டும், இருக்கப்போவது கொஞ்ச நாள்தான் என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். அதைத்தான் அவர் சொல்லவே முடியாது. என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

பிள்ளையை நான்தான் கொண்டுபோய் விட்டேன். அல்சர் வந்த அம்மா தன்னை எதற்குத் துரத்துகிறாள் என்று அவளுக்கு ஆத்திரம். கட்டிலில் இருந்து அக்கா கையை நீட்டியும் கிட்டே போகவில்லை, திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினாள். சடை மட்டும் நேராகப் போட்டிருந்தாள்.

டாக்டர் தலையாட்டியது பொய்யில்லை. அக்கா கத்தியது தெருக்கோடி வரைக்கும் கேட்டது. தீபாவளிக்கு முன்னாலேயே எல்லாம் முடிந்தது. பிள்ளையை அழைத்துவரவும் நானே போனேன்.

போன மாதம் அவள் என்னிடம் கேட்டாள்: "அம்மாவுக்கு என்னைய ஏன் மாமா பிடிக்காமப் போச்சு?" பிறகு பிளேயரைக் கேட்டாள். கொடுப்பதற்கு முன் லேப்டாப்பில் செருகிப் பார்த்தேன். டாக்டர் இன்னும் உள்ளேதான் இருந்தார்.

"அம்மா கேட்டதெல்லாம் இதுல இருக்கா?" என்றாள்.

"எல்லாம் இருக்கு" என்றேன். குப்பைத் தொட்டியை நான் காலி செய்யவில்லை.