மாடிப்படி எந்தப் பக்கம்

குற்றாலத்தில் சின்னப் பழக்கடை வைத்திருக்கிறேன். எனக்கு யாரிடமும் நீட்டிப் பேச வராது. வீட்டில் பேச்செல்லாம் மனைவியும் மகளும்தான். மகளைக் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்த பிறகு மனைவியும் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். சோறு வைப்பாள், தட்டை எடுப்பாள். அவளை எப்படிப் பேசவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ரம்புட்டான் எடுக்க எல்லை தாண்டி ஆரியங்காவு போன அன்று கேரள லாட்டரிச் சீட்டு ஒன்று வாங்கினேன். நம் பக்கம் அது கிடையாது. விழாது என்று வாங்கும்போதே தெரியும். ஆனாலும் மறுநாள் மூன்று மணிக்குக் குலுக்கும்வரை, விழாது என்று யாராலும் சொல்லிவிட முடியாதே.

ராத்திரி சோறு வைக்கும்போது சீட்டைக் காட்டினேன். “கூறு கெட்டுப் போச்சா ஒங்களுக்கு?” என்றாள் மனைவி. சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “சரி, விழுந்தா என்ன செய்விய?”

“வீடு கட்டணும். மாடி வச்சு.”

“படி உள்ளயா, வெளியவா?”

“வெளிய.”

“நல்ல ஆளு! சாரல்ல நனைஞ்சுகிட்டா நான் வத்தல் காயப்போட ஏறுவேன்?”

“சாரல்ல எவட்டி வத்தல் காயப்போடுவா?”

அவள் சிரித்துவிட்டாள். மாடியில் மகள் வந்தால் தங்க ஓர் அறையும் போட்டாள். சோறு ஆறும்வரை பேசிக்கொண்டிருந்தோம்.

மறுநாள் குலுக்கல் முடிந்த நேரம், முடிவைப் பார்க்கக் கடையில் போனை எடுத்தேன். காபி கொண்டுவந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இப்பம் பாக்காதிய. படி எந்தப் பக்கம்னு இன்னும் முடிவாகலல்லா?”

போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, அவள் உட்கார ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.