பானைக்குள் தவில்

கிணற்றடியில் வாளி விழுந்த சத்தம் கேட்டதும் பரமேஸ்வரன் ஸ்பீக்கரைத் தூக்கி மண்பானையின் வாயில் வைக்கிறார். வானொலியின் ஈக்குவலைசரில் அடித்தொனிக்கான இடப்பக்கக் கட்டைகளை மேலே தள்ளுகிறார், கீச்சுத்தொனிக்கான வலப்பக்கத்தை இறக்குகிறார். தவில் பானை வயிற்றிலிருந்து எழுந்து நெஞ்சுக்குள் இடிக்கிறது. பகல் முழுக்கக் கண்டாவளை வயல்களில் உழவு இயந்திரம் ஓட்டிய மனிதருக்கு, மனைவி கௌசலா குளித்துவிட்டு வரும்வரைதான் இந்தச் சுகம்.

துவாய் உதறும் சத்தம் கேட்டால் ஸ்பீக்கர் மேசைக்குத் திரும்பிவிடும். கட்டைகள் தலைகீழாக மாறும். இடி அடங்கி, வானொலிக் குரல்கள் கீச்சென்று மேலெழும்.

பக்கத்து வளவுச் சதீசுக்கு இது பொறுக்காது. "என்ன அண்ணை, வானொலிக்காரருக்குத் தடிமனோ? எல்லாரும் மூக்கால கதைக்கினம். விடுங்கோ, நான் செற் பண்ணித் தாறன்."

"கை வைக்காதை தம்பி. பழம் பெட்டி, அப்பிடித்தான்."

பெட்டியில் ஒரு குறையும் இல்லை. போன மாரியில் கௌசலா பின்னேர நாடகம் கேட்க வராமல் குசினிக்குள் அடுப்படியிலேயே இருந்துவிடத் தொடங்கினார். மற்றவர்கள் சிரித்த பிறகு சிரிப்பது அவருக்குப் பிடிக்கவில்லை.

"வாருமன், ஆஸ்பத்திரியில காதைக் காட்டுவம்."

"என்ர காதுக்கு ஒண்டுமில்லை. உங்கட பெட்டிதான் முணுமுணுக்குது."



ஆகவே பரமேஸ்வரன் பெட்டியைத் திருத்தினார். ஒரு கட்டையை நகர்த்துவார், குசினிப் பக்கம் பார்ப்பார். பிறகு அடுத்த கட்டை. வலப்பக்கத்தை உச்சிக்கு ஏற்றிய அன்று, நாடகத்து மாமியார் விட்ட பகிடிக்குக் குசினியிலிருந்து சிரிப்பு வந்தது. அகப்பையும் கையுமாக வந்து கதிரையில் இருந்த கௌசலா, "இப்பதான் திருந்தியிருக்கு" என்றார்.

"ஓம், பெட்டிதான் பிழை" என்றார் பரமேஸ்வரன். அந்தக் கீச்சில் அவருக்குப் பல் கூசியது.

நேற்று தனித்தவில் நீண்டுவிட்டது. கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். யன்னலுக்கு வெளியே, ஈரத் தலையில் துவாயும் கையில் நிறைந்த வாளியுமாகக் கௌசலா நின்றார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ? வார்த்தைகள்தான் அவருக்குக் கரைந்துபோகும். இடி நன்றாகவே கேட்கும். பரமேஸ்வரனின் விரல் அவசரமாகக் கட்டைக்குப் போனது.

கௌசலா திரும்பினார். வாளித் தண்ணீரை முருங்கையடியில் ஊற்றிவிட்டு, வெறும் வாளியோடு மறுபடி கிணற்றடிக்கு நடந்தார்.