பாட்டிலில் ஒட்டிய உப்பு

மக்காச்சோளம் காய்ந்துவிட்டதா என்று பார்க்க கிருஷிபவன் விவசாய ஆபீசில் சொல்லிக்கொடுத்தது சுலபமான வழி. ஈரமில்லாத பாட்டிலில் ஒரு பிடி சோளமும் கொஞ்சம் காய்ந்த உப்பும் போட்டுக் குலுக்கிச் சற்று நேரம் வைக்க வேண்டும். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் மூட்டை கட்டக்கூடாது, பூசணம் பிடிக்கும். அந்தப் பூசணத்தின் விஷம் கழுவினாலும் போகாது, காய்ச்சினாலும் போகாது. எல்லாம் நன்றாகவே புரிந்தது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சப்பைக்கட்டுக் கட்ட எனக்கு வழியே இல்லை.

அது மே மாதக் கடைசி. பகலெல்லாம் முதலமடைத் தோப்பில் லாரிக்கு மாங்காய் ஏற்றிவிட்டு வந்து, மாட்டுக்கென்று விளைவித்த சோளத்தை வாசலில் குவித்து மூடுவேன். விடிந்ததும் மறுபடி பரப்புவேன். ஐந்தாம் நாள் சாயங்காலம் மனைவி பாட்டிலைக் கொண்டுவந்து காட்டினாள். உப்பு ஒட்டியிருந்தது.

"ஏனுங்க, இன்னும் ரெண்டு வெயில் காட்டிரலாமுங்க."

"நீ வேற புள்ள. கல்லாட்டம் காஞ்சு கெடக்குது. மூட்டையக் கட்டு."

காயவில்லை என்று எனக்குத் தெரியும். இடுப்பு விட்டுப்போயிருந்தது. இன்னொரு முறை அள்ள என்னால் ஆகாது, அவ்வளவுதான். அவள் சாக்கைப் பிடித்தாள்.

மழை பிடித்து ஆறேழு வாரம் கழித்து, புது மூட்டை ஒன்றைப் பிரித்துக் கையை விட்டேன். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. வெளியே எடுத்தால் விரலெல்லாம் பச்சைப் பொடி. கூடவே கட்டிய இரண்டு மூட்டையை மாடு ஏற்கெனவே தின்று முடித்திருந்தது. மாடு தின்ற விஷம் பாலில் இறங்கும் என்பதும் கிருஷிபவனில் சொன்னதுதான். அந்தப் பாலைத்தான் பிரசவத்துக்கு வந்திருந்த மகள் இரண்டு வேளையும் குடித்துக்கொண்டிருந்தாள்.

மீதி மூட்டைகளைக் குழி தோண்டிப் புதைத்தேன். மனைவி ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திவிட்டு ஆறியிருப்பேன்.

மறுநாள் காலையில் கடையிலிருந்து பால் வாங்கி வந்தேன்.

"ஏனுங்கப்பா, ஊட்டுல மாடு கறக்கறப்ப பாக்கெட் பால் எதுக்குங்க?" என்றாள் மகள்.

மாட்டுக்கு மேலுக்கு முடியவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அடுப்படியில் நின்ற மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள்.

"மாடு நல்லாத்தான் இருக்குது சாமி. சோளத்த இன்னும் ரெண்டு வெயில் காட்டச் சொன்னா உங்கம்மா. எனக்கு அலுப்பா இருந்துச்சு. பூசணம் புடிச்சதத்தான் மாடு தின்னுருக்குது."

மகளின் கை வயிற்றின் மேல் இருந்தது.

"எத்தன நாளாங்கப்பா?"

"நீ வந்த அன்னைக்கிருந்தே சாமி."