கோர்ட்டுக்கு எடுத்துப்போன டிபன் டப்பா

இதைத் தயவுசெய்து பெரியவர்கள் யாரிடமும் காட்டாதீர்கள். அப்பா அம்மாவோடு கோர்ட்டுக்குப் போக வேண்டியிருக்கும் என் வயதுப் பிள்ளைகளுக்காகத்தான் ஒளிந்து எழுதுகிறேன்.

கடைகளில் பில் போடும் சாஃப்ட்வேரை எழுதுபவர் என் அப்பா. பழைய கம்பெனியை விட்டுவிட்டு, நண்பரோடு சேர்ந்து புதிதாக ஒன்று செய்தார். அதன் திரை தங்களுடையதைப் பார்த்து அடித்த காப்பி என்று பழைய கம்பெனி வழக்குப் போட்டுவிட்டது. தோற்றால் அதை விற்க முடியாது. "தனியா விட்டா உங்கப்பா சாப்பிட மாட்டாரு, கூடப் போ" என்று அம்மா என் டப்பாவில் தயிர்சாதம் கட்டி என்னை அனுப்பினாள்.

காலை எட்டேகாலுக்குப் பொம்மனஹள்ளியில், எங்கள் வீட்டருகே, மார்க்கெட் போகும் பஸ் ஏறினோம். டிக்கெட் ஒன்பது ரூபாய். வழியில் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலுக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். கார்ப்பரேஷன் ஸ்டாப்பில் இறங்கி கோர்ட்டுக்கு ஆட்டோ பிடித்தோம். டிரைவர் மீட்டருக்கு மேல் பத்து ரூபாய் கேட்டார். அப்பா தயங்கியதும், "வக்கீலுக்குக் குடுக்கறப்ப பேரம் பேசுவீங்களா சார்?" என்றார். அப்பா கொடுத்துவிட்டார்.

பொருள், அளவு, விலை, பணம் என்ற வரிசையில்தான் எந்தக் கல்லாவிலும் கை போகும், பட்டன்களின் வரிசைக்கு யாரும் சொந்தக்காரர் இல்லை என்று எங்கள் வக்கீல் வாதாடினார். நீதிபதி தலையாட்டினார். எதிர்த்தரப்பு வக்கீல் இரண்டு படங்களைப் பெரிதாக்கி நீட்டினார். இரண்டு திரையிலும் சேமிக்கும் பட்டனில் ஒரு டிபன் டப்பா படம். இரண்டுக்கும் இடப்பக்கக் கிளிப் இல்லை.

அது என் டப்பா. கிளிப் உடைந்திருந்தபோது அப்பா பழைய கம்பெனிக்காக வரைந்தது. புதிய திரையில் எல்லாமே புதிதாக வரைந்தது என்று அப்பா கோர்ட்டில் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்திருக்கிறார்.

மதியம் மரத்தடியில் அப்பா டப்பாவைத் திறந்தபோது எங்கள் வக்கீலுக்கு முகம் மலர்ந்தது. "ரெண்டு தடவையும் இதைப் பார்த்துத்தான் வரைஞ்சீங்கன்னு சொல்லிடலாம் சார். அடுத்த வாய்தாவுக்கு எடுத்துட்டு வாங்க" என்றார். கிளிப்பை அவர் கவனிக்கவில்லை. அப்பா பழைய வேலையை விடுவதற்கு முன்பே அம்மா பாத்திரக்கடையில் கொடுத்துப் புது கிளிப் போட்டுவிட்டாள். புதிதாகப் பார்த்து வரைந்திருந்தால் படத்தில் இரண்டு கிளிப் இருந்திருக்கும்.

திரும்பும் பஸ்ஸில் அப்பா டப்பாவை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "நம்ம வீட்டு டப்பாதானே பாப்பா, அது எப்படி அவங்களோடது ஆகும்?" என்றார். கொஞ்சம் கழித்து, வெளியே பார்த்தபடியே, "இந்தக் கிளிப்பைக் கழட்டிடலாமா?" என்று கேட்டார். நான் தூங்குவதுபோல் இருந்துவிட்டேன்.

போகிறவர்களுக்கு: தண்ணீர் கொண்டுபோங்கள், கேன்டீனில் கூட்டம் அதிகம். வாசலில் பையைச் சோதிப்பார்கள். உள்ளே செல்போனை அணைத்துவிடுங்கள். அப்பா பொய் சொன்னால் என்ன செய்வது என்று மட்டும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் கெட்டவர் இல்லை. டப்பாவை அலமாரியில் என் யூனிஃபார்முக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறேன். சாயங்காலத்திலிருந்து சமையலறையில் எதையோ தேடிக்கொண்டே இருக்கிறார். நாளைக்கு நானே அவரிடம்…

கதவைத் தட்டுகிறார். கையில் ஸ்க்ரூடிரைவர் இருந்தால் நான் டப்பாவை…