வெளியிலிருந்து போடும் கொக்கி

என் மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் பை கிடக்கிறது. பசாரில் வெங்காயம் போட்டுக் கொடுப்பார்களே, அந்தச் சிவப்புப் பை. வாயை முறுக்கி ரப்பர் வளையம் போட்டிருக்கிறார்கள். உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள். பயப்படாதீர்கள், மரத்தில் செதுக்கிய ஆட்கள்தான். ஒவ்வொருவரும் என் நடுவிரல் உயரம். அவர்களில் ஒருவருடைய கை மட்டும் பையைக் கிழித்துக்கொண்டு வெளியே நீட்டியிருக்கிறது. நேற்று சாயங்காலத்திலிருந்து அந்தக் கையைப் பார்க்கப் பார்க்கக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. மருமகள் வைத்துவிட்டுப் போன தேத்தண்ணீர் ஆறி ஆடை கட்டிவிட்டது.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பழைய ரப்பர் தோட்டத்து ஆட்கள் ஒன்றுகூடும் விழா ரந்தாவில் ஒரு மண்டபத்தில் நடக்கிறது, ஞாயிறு வரைக்கும். அதில் ஒரு பொருட்காட்சி. பால்வாளி, மரத்தில் பால் பிடிக்கும் மங்கு, ஆட்டுக்கல், அப்புறம் கிராணியின் நாற்காலி. கிராணி என்றால் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதி எங்களை ஆட்டிவைத்தவர். அந்த நாற்காலிக்கு வார்னிஷ் அடித்து மாலையும் போட்டிருக்கிறார்கள். இந்தப் பொருட்காட்சிக்குத்தான் ஒரு லாரி செய்து தரச்சொல்லி விழாச் செயலாளர் குமரன் என்னிடம் வந்தார்.

எனக்கு இந்தப் பைத்தியம் இருப்பது எங்கள் ஊர் மம்பாவ் முழுக்கத் தெரியும். சிரம்பானில் ஒரு பஸ் பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சும்மா இருக்கத் தெரியாமல் குட்டி லாரிகளும் பஸ்களும் செய்துகொண்டிருக்கிறேன். கடையில் பெட்டியில் அடைத்து விற்கிறானே, அதை வாங்கி ஒட்டுவதெல்லாம் எனக்கு ஆகாது. தகரத்தை வெட்டுவதிலிருந்து ஆணி அடிப்பதுவரை நானே செய்ய வேண்டும். அதனால் வீட்டில் எந்தப் பொருள் காணாமல் போனாலும் குற்றவாளி நான்தான். "மாமா, நகவெட்டியக் காணோம்" என்று மருமகள் கேட்பாள். நான் ஜன்னல் வழியே மழை வருமா என்று பார்ப்பேன்.

"என்னா லாரி தம்பி வேணும்?" என்று குமரனைக் கேட்டேன்.

"ஜப்பான் காலத்து லாரி அங்கிள். அந்தக் காலத்து ஆளு, ஒங்களுக்குத்தான் தெரியும்லா."

தெரியும். ஒரு படமும் பார்க்காமல் செய்தேன். ஒரு அடிக்கு அரை அங்குலம் என்று அளவு வைத்துக்கொண்டேன். பின்தட்டுப் பலகைகளுக்கு ஜெலுத்தோங் மரம், முகப்புக்கு மத்தி மீன் டின், விளக்குகளுக்குச் சட்டைப் பொத்தான், சக்கரங்களுக்குப் பேரனுடைய பழைய செருப்பு. ஓட்டுநர் அறைக்குப் பக்கத்தில் உருளையாக ஒரு கரி அடுப்பு உண்டு. அதற்கு ஒரு மாத்திரைக் குழாய். குழாயில் புகை படிந்த நிறம் வர வேண்டுமே என்று நிஜக் கரியைக் கொளுத்திக் காட்டினேன். கரியும் சூடான தகரமும் சேர்ந்து ஒரு வாடை எழுந்தது பாருங்கள், கையில் இருந்ததை அப்படியே கீழே வைத்துவிட்டேன்.

சின்ன வயதில் அந்த வாடைக்குப் பின்னால் ஓடியவன் நான். எங்கள் தோட்டம் கோலா சாவா பக்கம். யுத்தத்தில் சப்பான்காரன் வருகிறான் என்றதும் வெள்ளைக்காரத் தொரை காரில் ஏறிப் போய்விட்டார். கிராணி போகவில்லை. தொரைக்கு வளைந்த அதே முதுகு சப்பான்காரனுக்கும் வளைந்தது. லாரிகூட சப்பான்காரனுடையது இல்லை. யாரோ ஒரு சீன முதலாளி பலகை ஏற்றிக்கொண்டிருந்த லாரியைப் பிடுங்கி, சாணி நிறத்தில் பெயிண்ட் அடித்து ராணுவ லாரி ஆக்கிவிட்டார்கள். பெட்ரோல் கிடைக்காததால் கரி அடுப்பின் புகையில்தான் ஓடும். ஆபீஸுக்குப் பக்கத்தில் இருந்த மேட்டில் அதற்கு மூச்சு வாங்கும். உடனே நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளின், அதாவது லயத்துப் பையன்கள் எல்லாரும் ஓடிப்போய்த் தள்ளுவோம். லாரி மேடு ஏறியதும் கைதட்டுவோம். ஓட்டுநர் கையை ஆட்டுவான். அதை எங்கள் லாரி என்றே நினைத்தோம்.

அந்த லாரியைப் போலவே ஒன்று செய்ய எனக்கு ஆசை வந்தது. தொரை விட்டுப்போன பங்களாவின் பின்பக்கம் ஒரு பால்மாவு டின் கிடைத்தது. அதுதான் என் முதல் லாரி. அப்பா மரம் வெட்டுகிறவர்; பால் மரத்தைச் சீவிப் பால் எடுப்பதை நாங்கள் மரம் வெட்டுவது என்றுதான் சொல்வோம். கிழங்கைத் தின்றுவிட்டு அரைவயிற்றோடு கிடக்கும் நாட்களிலும் உருப்படாத வேலைகளுக்கு அவரிடம் பொறுமை இருந்தது. மரத்தில் மங்கைத் தாங்கி நிற்கும் கம்பியை நிமிர்த்தி அச்சு செய்து தந்தார். மரத்தில் உறைந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலைச் சுருட்டி அறுத்துச் சக்கரம் செய்தார். சக்கரம் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் லாரி நொண்டியது. "கள்ளுக் குடிச்ச லாரிடா" என்று சிரித்தார்.

எல்லாம் முடிந்தது, பின்பக்கத் தடுப்புப் பலகையைத் தவிர. அது எப்படி மூடுகிறது என்று தெரியவில்லை. பையன்கள் பின்பக்கம் தள்ளும்போது மேலே ஒரு சிப்பாய் துப்பாக்கியோடு உட்கார்ந்திருப்பான். நிமிர்ந்து பார்க்க எனக்குப் பயம்.

"அப்பா, அந்தப் பலக எப்புடி மூடுதுன்னு பாத்துட்டு வாப்பா."

"கிட்டப் போனா ஒதைப்பான்டா. பொறு, ஒருநா பாத்துச் சொல்றேன்."

பெரட்டு பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். விடிவதற்கு முன்னால், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ஒரு தண்டவாளத் துண்டைத் தட்டுவார். தோட்டத்து ஆட்கள் அத்தனை பேரும் ஆபீஸ் முன்னால் வரிசையாக வந்து நிற்க வேண்டும். கிராணி ஆள் சரிபார்த்த பிறகுதான் வேலைக்காட்டுக்குப் போகலாம். அதுதான் பெரட்டு. சப்பான்காரன் காலத்தில் ஒழுங்கான வேலை கிடையாது, கூலி கிடையாது, அரிசி கிடையாது. தொரையே கிடையாது. ஆனாலும் அந்தத் தண்டவாளம் ஒலித்தால் எங்கள் ஆட்களின் கால்கள் தாமாக நடந்துபோய் வரிசையில் நின்றன. காலங்காலமாக அப்படிப் பழக்கி வைத்திருந்தார்கள். காட்டுக்குள் ஓடி ஆள் பிடிக்கிற சிரமமே சப்பான்காரனுக்கு இல்லை. பிடிக்க வேண்டிய ஆட்கள் பெரட்டில் தயாராக நின்றார்கள்.

அன்றைக்கு லாரி விடிவதற்கு முன்பே வந்து நின்றது. கிராணி கையில் பிரம்போடு வரிசையில் நடந்தார். "நீ. நீ. ஒன்னத்தான், நீயும் வா." பிரம்பு அப்பா தோளைத் தொட்டது. "பத்து நாள் ரோட்டு வேல. போட்டிக்சன் பக்கந்தான். அரிசி குடுக்கறாங்க. ம், ஏறுங்க, ஏறுங்க." ஏறினார்கள். ஒருவரையும் அடிக்கவில்லை, இழுக்கவில்லை. மேலே ஏறியவர் கீழே நின்றவருக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். அரிசி என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது. பசித்தவனிடம் சோற்றைக் காட்டி ஏமாற்றியவனை என்ன சொல்லித் திட்டுவது? எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகள் எதுவும் பத்தவில்லை.

அப்பா கடைசியாக ஏறினார். அதனால் பலகை ஓரம் நின்றார். மேலே சட்டை இல்லை, தலையில் ஒரு துண்டு. அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, "சட்டகூட எடுத்துக்கலியே" என்றாள். "பத்து நாள்தானே புள்ள" என்றார் அப்பா. அதற்குள் பலகையைத் தூக்கி மூடிவிட்டார்கள். லாரி புறப்படவில்லை, சிப்பாய் ஒருவன் இறங்கிக் கரி அடுப்பை விசிறிக்கொண்டிருந்தான். அப்போதுதான் அப்பா என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. கையைப் பலகைக்கு வெளியே நீட்டிக் கீழே தொட்டுக் காட்டினார்.

"தம்பி! பாத்துட்டேன்டா! ரெண்டு பக்கமும் கொக்கிதான். வெளியேருந்துதான் போடணும்!"

எனக்குத் தலைகால் புரியவில்லை. கொக்கி! இதுகூடத் தோன்றவில்லையே என்று மங்குக் கம்பி தேடி ஓடினேன். எனக்குப் பின்னால் லாரி மேட்டில் திணறியது. வழக்கம்போலப் பையன்கள் ஓடிப்போய்த் தள்ளினார்கள், கைதட்டினார்கள். தங்கள் அப்பாக்களைத் தாங்களே தள்ளி அனுப்பினார்கள். நான் மட்டும் தள்ளவில்லை, கம்பி தேடிக்கொண்டிருந்தேன்.

போட்டிக்சனும் இல்லை, ரோட்டு வேலையும் இல்லை. சயாமுக்கு, ரயில் பாதை போட. யுத்தம் முடிந்து எங்கள் தோட்டத்துக்குத் திரும்பியவர்கள் மிகச் சிலர். அவர்களில் ஒருவர், ஆற்றோரக் கொட்டகையில் அப்பா காய்ச்சலோடு படுத்திருந்ததைப் பார்த்ததாகச் சொன்னார். அவ்வளவுதான். அதற்கு மேல் கேட்க அம்மாவுக்கும் திராணி இல்லை, சொல்ல அவருக்கும் திராணி இல்லை. கொக்கியெல்லாம் போட்டு முடித்து, அப்பா வந்ததும் காட்டலாம் என்று எடுத்து வைத்திருந்த என் லாரியை அம்மா ஒருநாள் தட்டி நெளித்து, ஓட்டை வாளிக்கு அடி வைத்துவிட்டாள். "எனக்கு அதப் பாக்க முடியலடா" என்றாள். நான் அழவில்லை. வாளி அதற்குப் பிறகு ஒழுகவில்லை.

தொரை திரும்பி வந்தார். கிராணியைத் துரத்துவார்கள், உதைப்பார்கள் என்று நான் காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. தோட்டத்தைத் தெரிந்தவர் வேண்டுமாம். அதே ஆபீஸ், அதே நாற்காலி. அதே தண்டவாளத்தை மண்டோர் தட்ட, அதே வரிசையில் அம்மா போய் நின்றாள். "மரியாதையா நில்லு" என்றார் கிராணி. என் காதால் கேட்டேன். அவர் முடி நரைத்து, பென்ஷன் வாங்கி, பேரன் பேத்தி எடுத்து, கட்டிலில் படுத்துச் செத்தார்.

பட்டறையில் சேர்ந்த முதல் வாரம் ஒரு லாரியின் பின்பலகையைச் சரிசெய்யச் சொன்னார்கள். கொக்கியைப் போட்டேன், கழற்றினேன், மறுபடி போட்டேன். ஒரு காலைப்பொழுது முழுக்க அதே வேலை. பட்டறை முதலாளி தவுக்கே வந்து பார்த்துவிட்டு, இந்தப் பையனுக்குப் புத்தி சரியில்லை என்று என்னை பஸ் பக்கம் அனுப்பிவிட்டார். அப்படித்தான் நான் பஸ் ஃபிட்டர் ஆனேன். என் உத்தியோக உயர்வின் ரகசியம் இதுதான்.

இப்போது குமரனிடம் வருகிறேன். லாரியை ஆட்களோடுதான் செய்து கொடுத்தேன். தலைத்துண்டு கட்டியவர், பீடி பிடித்தவர், கை கொடுத்துத் தூக்குகிறவர் எல்லாரும் இருந்தார்கள். பலகை ஓரம் ஒருவர், சட்டை இல்லாமல், கையை வெளியே நீட்டிக் கொக்கியைத் தொட்டுக்கொண்டு. ஆட்கள் இல்லாமல் அது என்ன லாரி? நேற்று குமரன் இந்தப் பையோடு வந்து நின்றார்.

"கோவிச்சுக்காதீங்க அங்கிள். குடும்பத்தோட வராங்க. சின்னப் புள்ளைங்க பாத்துட்டு, இவங்கள்லாம் எங்க போறாங்கன்னு கேக்குதுங்க. ஒரு மாதிரி ஆயிடுதுலா. அதான் ஆளுங்கள எறக்கிட்டு ரப்பர் ஷீட்டு அடுக்கிட்டோம். இப்ப அழகா இருக்கு."

"கேட்டா சொல்றதுதானே தம்பி?"

"விழா அங்கிள். சந்தோசமா இருக்கட்டுமே." என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாக ஒரு பாராட்டையும் சேர்த்தார். "ஆனா அந்தக் கொக்கி இருக்கே, பிரமாதம். வெளியேருந்து லேசா ஒரு தட்டுத்தான் தட்டுனேன். பட்டுனு தெறந்துகிச்சு!"

நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்குத்தான் வேறொன்று உறைத்தது. இத்தனை வருஷமும் அப்பா நீட்டிய கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கொக்கியைப் போட்ட கையை நினைத்துப் பார்த்ததில்லை. அன்று தள்ளி நின்று பார்த்தது இப்போதுதான் விளங்கியது. சிப்பாய்கள் இரண்டே பேர். ஒருவன் மேலே, ஒருவன் கரி விசிற முன்னால். ஓட்டுநர் இருக்கையை விட்டு இறங்கவில்லை. பலகையைத் தூக்கி இரண்டு கொக்கியையும் மாட்டியவர் கிராணி. பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாட்டினார். மாட்டிய பிறகு சரியாக விழுந்ததா என்று இழுத்தும் பார்த்தார்.

அந்த மேடு இப்போது இல்லை. புல்டோசர் விட்டுச் சமமாக்கி வீடமைப்புத் திட்டம் வந்துவிட்டது. பெரட்டுக் களம் இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். லயம் இல்லை, பால் மரம் இல்லை. இந்த லாரிக்காக அங்கே போய் ஒரு மங்குக் கம்பி தேடினேன், அதுகூடக் கிடைக்கவில்லை. கடைசியில் சைக்கிள் கம்பியில்தான் கொக்கி வளைத்தேன். தட்டிய தண்டவாளம் எந்தப் பழைய இரும்புக் கடைக்குப் போனதோ. அப்பாவுக்கு ஒரு குழிமேடுகூட இல்லை. அந்தத் தோட்டத்தில் நடந்ததற்கு மிச்சம், மாலை போட்ட ஒரு நாற்காலியும் வெங்காயப் பையில் இந்த ஆட்களும்தான்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் ரந்தாவுக்குப் போகிறேன். ஷீட்டுகளை இறக்கிவிட்டு ஆட்களை ஏற்றுவேன். அப்பாவைக் கடைசியாக ஏற்றி, பலகையை மூடுவேன். கொக்கியை மட்டும் மாட்ட மாட்டேன். அப்புறம் மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, கிராணியின் நாற்காலியை லாரிக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டு உட்காரப் போகிறேன். இவங்கள்லாம் எங்க போறாங்க என்று எந்தப் பிள்ளையாவது வந்து கேட்கட்டும்.