கிணற்றடி மணல்

அன்று பள்ளியில் இருந்தவர்கள்: பள்ளியைச் சோதிக்க வந்த, தொப்பி போட்ட இன்ஸ்பெக்டர். தலைமை வாத்தியார். பந்திங் ஊர்ப் பக்கமிருந்து வந்த அவன். நான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒன்பது பேர். முதல் வகுப்பில் இருபத்து மூன்று பேர்.

அவனும் நானும் வாத்தியார் வேலை பழகிக்கொண்டிருந்தோம். பட்டணத்துப் பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே வீடுகளுக்குப் பின்னால், தகரக் கொட்டகைப் பள்ளி. வருஷக் கடைசியில் ஒருவனுக்குத்தான் வேலை. மற்றவன் வந்த வழியே போகவேண்டும். நான் கிள்ளான் பக்கத்து ரப்பர்த் தோட்டத்துக்காரன். திரும்பிப் போனால் பால் மரம் சீவத்தான்.

எனக்கு ஐந்தாம் வகுப்பு. அவனுக்கு முதல் வகுப்பு. என் பிள்ளைகள் கணக்குக் கொடுத்தால் போடுவார்கள், உட்காரச் சொன்னால் உட்காருவார்கள். எனக்கு அது போதும். இன்ஸ்பெக்டர் வர ஒரு மாதம் இருக்கும்போது தலைமை வாத்தியார் கூப்பிட்டார்.

"ரெண்டு பேரும் வகுப்ப மாத்திக்கிங்க. யாரு எதுக்கு லாயக்குன்னு பாக்கணும்."

மாற்றிக்கொண்டோம்.

முதல் வகுப்பில் மேசை கிடையாது. தரையில் மணல் பரப்பி, பிள்ளைகள் விரலால் எழுதுவார்கள். ஐந்தாம் வகுப்பு நடத்தியவன் நான். மணலில் குந்துவது எனக்குக் கேவலமாகப் பட்டது. முதல் நாளே மணலைக் கூட்டி அள்ளிக் கிணற்றடியில் கொட்டினேன். சிலேட்டும் பலப்பமும் கொடுத்தேன். பலப்பத்தை உடைத்தார்கள். சிலர் தின்றார்கள்.

"சார், இவன் ஒண்ணுக்குப் போயிட்டான்."

"எங்க?"

"இங்கதான் சார். உங்க கொட மேல."

இரண்டு வகுப்புக்கும் நடுவே ஒரு சாக்குத் திரைதான். அவன் தலையை நீட்டினான்.

"அண்ணே, மணி அடிச்சதும் எல்லாரையும் ஒரு தடவ வெளிய அனுப்பிடுங்க. இல்லாட்டி தெனமும் கொடைய அலசணும்."

"எனக்குத் தெரியும்."

தெரியாது. மறுநாள் அனுப்பினேன். குடை தப்பியது.

திரைக்கு அந்தப் பக்கம் என் ஐந்தாம் வகுப்பு சிரித்தது. நான் இருந்தபோது ஒருநாளும் சிரித்ததில்லை. இந்தப் பக்கம் ஒரு பெண் பிள்ளை தினமும் ரம்புத்தான் பழம் கொண்டு வரும். என்னைத் தாண்டிப் போய், திரைக்கு அடியில் கையை விட்டு அவனிடம் கொடுக்கும். எனக்கு ரம்புத்தான் பிடிக்காது. ஆனாலும் பார்த்துக்கொண்டிருப்பேன். என் வகுப்பும் அவனுக்கு, இந்த வகுப்பும் அவனுக்கு. எனக்கு என்ன மிச்சம்?

மணலைத் திரும்ப அள்ளி வரலாம் என்று ஒருநாள் தோன்றியது. அவன் பார்ப்பான். விட்டுவிட்டேன்.

இன்ஸ்பெக்டர் வந்தார். ஐந்தாம் வகுப்பில் கொஞ்ச நேரம் நின்றார். தலையாட்டினார். பிறகு என்னிடம் வந்தார்.

"அ எழுதச் சொல்லுங்க."

சொன்னேன். சிலேட்டில் கோழி கிளறியது போல் இருந்தது. பாதிப் பேர் எழுதவே இல்லை. தலைமை வாத்தியார் கூரையைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார்.

"ஒரு வருஷமா என்னய்யா படிக்கிறாங்க?"

திரையை விலக்கிக்கொண்டு அவன் நின்றான்.

"அண்ணே, மணல்ல எழுதிடுவாங்க. கிணத்தடிக்குக் கூட்டிட்டுப் போங்க."

அவன் சும்மா இருந்திருக்கலாம். இருந்திருந்தால் அந்த வேலைக்குப் போட்டியே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

போனோம். நான் கொட்டிய மணல் அங்கேயே குவிந்து கிடந்தது. காலால் தள்ளிப் பரப்பினேன். பிள்ளைகள் குந்தினார்கள். அ எழுதினார்கள். ஆ எழுதினார்கள். இன்ஸ்பெக்டர் கேட்காமலே இ எழுதினார்கள். போன வாரம் சேர்ந்த இரட்டைப் பிள்ளைகள் மட்டும் மணலில் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். சிரித்தார்.

"இத யாரு சொல்லிக் குடுத்தா? காட்டுங்க பாப்போம்."

மணல் ஒட்டிய விரல்கள் எழுந்தன. அவன் எனக்கு எதிரே, கிணற்றின் மறுபக்கம் நின்றான்.

வருஷக் கடைசியில் வேலை அவனுக்குக் கிடைத்தது. எனக்குத் தலைமை வாத்தியார் எதுவும் சொல்லவேண்டி இருக்கவில்லை. கிணற்றடியிலேயே விரல்களை எண்ணிவிட்டேன்.

அவன் பக்கம் இருபத்தொன்று. என் பக்கம் இரண்டு.